சித்தப்பாவின் மூட்டைக் கணக்கும் பார்செக்கும்

குறுவை அறுப்பு முடிந்ததும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரி இது:

குறுவை, ஆடுதுறை 43, 62 மூட்டை

கொள்முதல் நிலையத்துக் கணக்கில் மூட்டைக்கு 40 கிலோ. இந்த வரியைப் படித்துக் கிலோவாக்கித் தரும் நிரலை ஹாஸ்கெல் மொழியில் எழுதுவோம். கருவி, பார்செக் நூலகம். பார்சர் என்றால் எழுத்து வரிசையைப் படித்துப் பொருள் பிரித்துத் தரும் நிரல்துண்டு. ஓர் எண்ணைப் படிக்க ஒரு குட்டிப் பார்சர், ஒரு சொல்லைப் படிக்க இன்னொன்று என்று எழுதி, அவற்றைக் கோத்துப் பெரிய பார்சர் ஆக்குவதுதான் வேலை. கோக்கும் கயிற்றுக்குப் பெயர் காம்பினேட்டர்.

ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சியோடு 8.4 பதிப்பு முதல் பார்செக் கூடவே வருகிறது, தனியாக இறக்க வேண்டாம். கோப்பின் தலையில் டெக்ஸ்ட்.பார்செக், டெக்ஸ்ட்.பார்செக்.ஸ்ட்ரிங், டேட்டா.கேர் மூன்றையும் இம்போர்ட் செய்யுங்கள். கட்டளைகளைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

முதலில் எண்:

எண் :: பார்சர் இன்ட்
எண் = ரீட் <$> மெனி1 டிஜிட்

டிஜிட் ஓர் இலக்கத்தைப் பிடிக்கும். மெனி1 அடுத்தடுத்து வரும் இலக்கங்களையெல்லாம் சேர்க்கும், ஒன்றுகூட இல்லாவிட்டால் தோற்கும். பிடிபட்ட எழுத்துகளை <$> ரீட்டிடம் கொடுக்கும், ரீட் அவற்றை எண்ணாக்கும். பார்ஸ் எண் "" "62" என்று கொடுத்தால் ரைட் 62 வரும். தவறானால் லெஃப்ட் வரும், கூடவே எந்த இடத்தில் முட்டியது என்ற தகவலும்.

அடுத்தது சொல். மெனி1 லெட்டர் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். "குறுவை" கொடுத்தேன், திரும்பி வந்தது "\2965". அது வெறும் க! பாக்கி எங்கே போயிற்று என்று அரை நாள் தேடினேன். ஹாஸ்கெலுக்குக் "கு" ஓரெழுத்து இல்லை. யூனிகோட் எண்ணில் 2965 என்ற க, 3009 என்ற உகரக் குறி என்று இரண்டு. லெட்டர் குறிகளை எழுத்தாக மதிப்பதில்லை, அதனால் முதல் உகரத்திலேயே நின்றுவிட்டது. குறிகளையும் சேர்த்துக்கொண்டால் சரியாகும்:

சொல் :: பார்சர் ஸ்ட்ரிங்
சொல் = மெனி1 (சாடிஸ்ஃபை (\எ -> இஸ்ஆல்ஃபா எ || இஸ்மார்க் எ))

விடை இன்னும் எண்களாகத்தான் தெரியும். புட்ஸ்டிஆர்எல்என் வழியாக அச்சிட்டால் தமிழாகத் தெரியும்.

இனி ரகம், அதாவது ஆடுதுறை 43 போன்ற நெல் வகை. புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

ரகம் = ஸ்ட்ரிங் "ஆடுதுறை 36" <|> ஸ்ட்ரிங் "ஆடுதுறை 43"

<|> என்றால் "இது இல்லாவிட்டால் அது". ஆனாலும் "ஆடுதுறை 43" கொடுத்தால் தோற்கும். கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்பதை அங்கே மதகில் வைத்துத் தீர்மானிக்கலாம். வெண்ணாற்றில் இறங்கிவிட்ட தண்ணீரைத் திரும்பக் கூப்பிட்டுக் காவிரியில் விட முடியாது. முதல் ஸ்ட்ரிங் "ஆடுதுறை " வரை விழுங்கிய பிறகுதான் 3 இருக்க வேண்டிய இடத்தில் 4 நிற்பதைப் பார்க்கிறது. ஓர் எழுத்தை விழுங்கிவிட்டுத் தோற்றாலும் பார்செக் இரண்டாம் மதகைத் திறக்காது.

முதல் பக்கத்தை ட்ரை (ஸ்ட்ரிங் "ஆடுதுறை 36") என்று மாற்றினால், தோற்றதும் விழுங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். வேலை நடக்கும். ஆனால் கண்ட இடமெல்லாம் ட்ரை தூவுவது எனக்குப் பிடிக்காது. பிழைச் செய்தி குழம்பும், பெரிய கோப்பில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். இரண்டுக்கும் பொதுவானதை ஒரே தடவை படித்துவிட்டால் மதகுப் பிரச்சினையே இல்லை:

ரகம் :: பார்சர் இன்ட்
ரகம் = ஸ்ட்ரிங் "ஆடுதுறை " *> எண்

*> இடப்பக்கத்தைப் படித்துத் தூக்கிப் போட்டுவிட்டு வலப்பக்கத்தை மட்டும் தரும். 45 வந்தாலும் கவலையில்லை.

எல்லாவற்றையும் கோப்போம்:

வரி = டூ
  ப <- சொல்
  ஸ்ட்ரிங் ", "
  ர <- ரகம்
  ஸ்ட்ரிங் ", "
  ம <- எண்
  ஸ்ட்ரிங் " மூட்டை"
  ரிட்டர்ன் (ப, ர, ம * 40)

வரி :: பார்சர் (ஸ்ட்ரிங், இன்ட், இன்ட்) என்ற வகை அறிவிப்பை இதற்கு மேலே போட மறக்காதீர்கள். சித்தப்பாவின் வரிக்குக் கடைசி இடத்தில் 2480 வரும்.

முழுக் கோப்புக்கு வரி `எண்ட்பை` எண்ட்ஆஃப்லைன் <* இஓஎஃப். எண்ட்பை வரிமுடிவோடு வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும், இஓஎஃப் கோப்பு முடிந்துவிட்டதா என்று பார்க்கும். கடைசியில் இஓஎஃப் இல்லையென்றால், பாதியில் நின்றுவிட்டும் "ரைட்" என்று சொல்லி ஏமாற்ற வாய்ப்புண்டு.

நான் ஓட்டிப் பார்த்தபோது மூன்றாம் வரியில் முட்டியது. போய்ப் பார்த்தால் சித்தப்பா அன்றைக்கு மட்டும் "48 சிப்பம்" என்று எழுதியிருக்கிறார். கேட்டதற்கு, "மூட்டைன்னா என்ன, சிப்பம்னா என்ன தம்பி, நாப்பது கிலோதானே?" என்றார். ஸ்ட்ரிங் " மூட்டை" இருந்த வரியை இப்படிப் பிரித்தேன்:

  கேர் ' '
  ஸ்ட்ரிங் "மூட்டை" <|> ஸ்ட்ரிங் "சிப்பம்"

இங்கே ட்ரை தேவையில்லை. ஒன்று ம, மற்றது ச. முதல் எழுத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது.