கிட்டாரை லப்டொப்பில் செருகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் பிளாட்டில் இருந்துகொண்டு மைக் வைத்துப் பாட்டுப் பதிவு செய்வது லேசான காரியமில்லை. நல்ல இடம் வரும்போது பார்த்து ரயில் போகும். அது போனால் காலி வீதி ஹோர்ன். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அந்தத் தொல்லை கிடையாது. வயர் வழியாக நேரே கணினிக்குள் போவதால் வெளிச்சத்தம் எதுவும் பதிவில் ஏறாது.

அப்படியிருந்தும் வீட்டில் பதிவு செய்பவர்களில் நிறையப் பேருக்கு சவுண்ட் மந்தமாக வருகிறது, அல்லது இரைகிறது, அல்லது பிந்தி வருகிறது. உடனே அம்ப் சிமுலேட்டரை, அதாவது அம்பின் ஓசையைக் கணினியில் உண்டாக்கும் மென்பொருளைத் திறந்து பிரீசெட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. சிக்னல் கணினிக்குள் நுழையும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதிகம் பேர் செய்யும் தவறு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்னக் கன்வேர்ட்டர் வாங்கி, கிட்டாரின் கால் அங்குல பிளக்கை 3.5 மில்லிமீற்றராக்கி லப்டொப்பின் மைக் துளையில் செருகுவது. சத்தம் வரத்தான் செய்யும். அதனால்தான் பிழை பிடிபடுவதில்லை. கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் சாதாரண பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. அதன் சிக்னல் பலவீனமானது. அதை இழுத்து அமுக்காமல் வாங்க, உள்வாங்கும் பக்கத்தில் ஏறத்தாழ 1 மெகாஓம் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின்தடை) வேண்டும். மைக் துளையில் இருப்பதோ சில கிலோஓம். உயர் சுருதிகள்தான் முதலில் பலியாகும். போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கும். போதாக்குறைக்கு அந்தத் துளை மைக்குக்கென்று சிறிது மின்னழுத்தத்தை வெளியே அனுப்பிக்கொண்டும் இருக்கும்.

ஆகவே ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தேவை, கிட்டார் சிக்னலை முறையாக வாங்கி டிஜிட்டலாக்கிக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டி அது. புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றில்லை, பாவித்ததும் போதும். ஆனால் அதை வாங்கிய பிறகும் பாதிப் பேர் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை இசட்’ என்று எழுதிய பட்டனை அமர்த்துவதில்லை. கம்பிகளில் விரல் வைக்காமல் ஒருமுறை அடித்துவிட்டு, அந்தப் பட்டனை அமர்த்தியும் விட்டும் கேளுங்கள். மெல்லிய இரண்டு கம்பிகளின் பளிச்சென்ற ஓசை வந்து போவது காதிலேயே தெரியும். சில மாடல்களில் முதலாவது துளைக்கு மட்டுமே அந்த வசதி உண்டு. 48 வோல்ட் என்றிருக்கும் சுவிட்ச் கிட்டாருக்குத் தேவையில்லை. அணைத்தே வையுங்கள்.

அம்பின் ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகும் துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது ஸ்பீக்கரை ஓட்டுகிற சக்தி, இன்டர்ஃபேஸ் கருகிவிடும். வால்வ் அம்ப் என்றால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதால் அதன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரும் போகலாம். லைன் அவுட் இருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

இன்டர்ஃபேஸின் கெயினை (உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றுவதிலும் பயனில்லை. நீங்கள் ஆகப் பலமாக அடிக்கும்போது மீற்றர் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நின்றால் 24 பிட் பதிவுக்கு அது தாராளம். டிஜிட்டலில் உச்சம் வெட்டுப்பட்டால் வருவது ஓவர்டிரைவ் அல்ல, வெறும் கரகரப்பு. பிறகு அதை நீக்கவும் முடியாது.

அடுத்தது தாமதம். கம்பியைத் தட்டிய பின்னர்தான் ஹெட்போனில் சத்தம் வருகிறது என்பார்கள், லப்டொப் பழசு என்று முடிவும் கட்டுவார்கள். பழசாக இருக்கலாம், ஆனால் முதலில் டிரைவரைப் பாருங்கள். விண்டோஸில் பொதுவான டிரைவரை விட்டுவிட்டு, இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களின் ஆசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள், அது தாமதத்தைக் குறைப்பதற்கென்றே உள்ளது. பிறகு பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்து எடுத்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை. 44.1 கிலோஹேர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லிசெக்கன். 128 என்றால் 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. சிக்னல் உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு தடவை இந்தத் தாமதம் சேரும். வாசிக்கும்போது பஃபரைக் குறையுங்கள், மிக்ஸ் செய்யும்போது கூட்டுங்கள். குறைத்ததும் பொரிகிற சத்தம் வந்தால் ஒரு படி மேலே போங்கள். கணினிக்குப் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே சத்தத்தை ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மொனிட்டர் திறந்திருந்தால் வெறும் கிட்டாரும் சிமுலேட்டர் சத்தமும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும். சிமுலேட்டர் வழியாக வாசிப்பதானால் அதை மூடிவிடுங்கள்.

இரைச்சல்தான் கொழும்பு வீடுகளில் பெரிய தலையிடி. தாழ்ந்த ‘ம்ம்’ என்ற ஓசை பெரும்பாலும் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வருவது. ஒற்றைச் சுருள் பிக்கப் அதை நன்றாகவே பிடிக்கும். கதிரையில் இருந்தபடி கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் குறையும், அப்படியே இருந்து வாசியுங்கள். சார்ஜரைக் கழற்றியதும் கீச்சென்ற சத்தம் நின்றால் பற்றரியில் பதிவு செய்வதுதான் வழி. ஃபேன் ரெகியுலேட்டரும் லைட் டிமரும் அடுத்த சந்தேக நபர்கள். ஏப்ரல் மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு சோலோ வாசிப்பது தனி வைராக்கியம், அதற்கு நான் பொறுப்பில்லை.

இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதையோ, எர்த் இல்லாத இரண்டு பின் அடப்டரில் அம்பைச் செருகுவதையோ மட்டும் செய்யாதீர்கள். இரைச்சல் குறையலாம். ஆனால் கிட்டாரின் கம்பிகள் வயர் வழியாக அதே எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. அம்பில் ஒரு கோளாறு வந்தால் கரண்ட் உங்கள் கையைத் தேடி வரும். பழைய வீடாக இருந்து எர்த் வேலை செய்கிறதா என்று சந்தேகம் இருந்தால் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். லப்டொப்பையும் இன்டர்ஃபேஸையும் அம்பையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டாலே பல இடங்களில் ‘ம்ம்’ அடங்கிவிடும்.

சத்தம் இடது காதில் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம். ட்ராக்கை ஸ்டீரியோவில் திறந்திருப்பீர்கள், மோனோவாக்குங்கள்.

எஃபெக்டோடு சேர்த்தே பதிவு செய்துவிட்டு, பிறகு ‘டிஸ்டோர்ஷன் கூடிப்போச்சு’ என்று கவலைப்படுவதும் வழமை. சிமுலேட்டரை ட்ராக்கின் மேல் பிளக்இன்னாகப் போட்டால் காதில் எஃபெக்ட் கேட்கும், பதிவாவது வெறும் கிட்டார் மட்டும். எப்போது வேண்டுமானாலும் அம்பை மாற்றலாம். ரிதம் அகலமாகக் கேட்க வேண்டுமென்று ஒரே பதிவைப் பிரதி எடுத்து இடமும் வலமும் போடுவதால் ஒன்றும் நடக்காது, சத்தம் கூடுமே தவிர நடுவில்தான் நிற்கும். இரண்டாம் தடவை உண்மையிலேயே வாசித்துப் பதிவு செய்யுங்கள், அதற்கு முன் ஒருமுறை டியூனையும் பாருங்கள்.