மாரியில் பஞ்சுப் போர்வை தைப்பவர்களுக்கு

மட்டக்களப்பில் நவம்பர் பிறந்தால் பஞ்சு முதல் நூல் வரை எல்லாமே ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும். போன மாரியில் ஒரு போர்வையை நன்றாகக் காயாமலே தைத்து பொலித்தீன் பையில் கட்டிக் கொடுத்து, பத்து நாளில் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது, காசும் போய் வாடிக்கையும் போனதுதான் மிச்சம்.

இப்போது துணியையும் பஞ்சையும் அடுக்குவதற்கு முன் நீராவி இல்லாமல் அயன் பண்ணி, சூட்டோடு அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைப்பேன். அரை நிமிடத்தில் தூக்கிப் பாருங்கள், உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, மறுபடி அயன்தான்.

மருதமுனைக் கைத்தறித் துண்டுகள் போர்வைக்கு அழகுதான், ஆனால் சில சாயம் விடும், சுருங்கவும் செய்யும். அவற்றை வெயில் இருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நனைத்துக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

மெசினுக்கு 14ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீற்றர், அது போதும். முக்கியமானது இரவில் செய்யும் வேலை: ஊசித் தட்டைக் கழற்றி அடியில் சேர்ந்த பஞ்சுத் தூசியைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள், அந்தத் தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துத்தான் துணியை நகர்த்தும் பல்லில் கறள் ஏற்றும். அப்புறம் ஒரு சொட்டு மெசின் எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும். காலையில் முதலில் பழந்துணியில் நாலு வரி ஓட்டிவிட்டு, எண்ணெய்க் கறை விழவில்லை என்று பார்த்த பிறகு போர்வையைப் பிடியுங்கள்.