பழச்சாறு தெளியவைக்கும் பெக்டினேஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோகிளேவை (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) முழு நேரம் ஓட்டுங்கள், பஞ்சடைப்பைத் திறந்து வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, பழத்தின் பெக்டினை உடைக்கும் நொதியான பெக்டினேஸை எடுப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் சறுக்கும் இடங்கள் வேறு.

தவிட்டைக் கூழாக்குவது

10 கிராம் தவிட்டுக்கு 15 மி.லி. தாது உப்புக் கரைசல் போதும். ஈரப்பதம் ஏறக்குறைய 64 சதவீதம் வரும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கூடினால் தவிடு கட்டிதட்டும், காற்று உள்ளே போகாது, பூஞ்சை மேலாக மட்டும் படரும்.

குளுக்கோஸ் சேர்ப்பது

பூஞ்சை கொழுக்கலாம், நொதியும் கூடும் என்று நம்பிவிட முடியாது. பெக்டின் உள்ள சாத்துக்குடித் தோல் பொடி போடுங்கள்.

நன்றாகக் கறுக்கட்டும் என்று காத்திருப்பது

30 டிகிரியில் 3, 4 நாள். அதற்கு மேல் வித்துகளின் நிறமியும், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸும்தான் கூடும்.

நொதி பிளாங்க் இல்லாமல் டி.என்.எஸ். பார்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். டி.என்.எஸ். என்பது ஒடுக்கும் சர்க்கரையை நிறத்தால் அளக்கும் கரைசல், பிளாங்க் என்பது கழிப்பதற்காக வைக்கும் ஒப்பீட்டுக் குழாய். தவிட்டை அசிட்டேட் பஃபரில் கலக்கி, துணியில் பிழிந்து, சென்ட்ரிஃபியூஜ் செய்த சாற்றில் நொதியோடு தவிட்டின் சர்க்கரையும் வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்று டி.என்.எஸ்.ஸுக்குத் தெரியாது, ஒடுக்கும் சர்க்கரை எதுவானாலும் சிவக்கும்.

உதாரணமாக, 540 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் சோதனைக் குழாயில் 0.90, நொதி இல்லாத வெறும் பெக்டின் பிளாங்கில் 0.10. உடனே 0.80 என்று நோட்டில் ஏறிவிடும். டி.என்.எஸ். ஊற்றிய பிறகு நொதி சேர்த்த குழாயையும் (இதுதான் நொதி பிளாங்க்) வைத்திருந்தால், அது 0.72 காட்டியிருக்கும். உண்மையான ஆக்டிவிட்டி 0.18 அளவுக்குத்தான். பிறகு டயாலிசிஸ் செய்ததும் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைப்பது) சர்க்கரை பையை விட்டு வெளியேறும், எண் சரியும். "நொதி செத்துப்போச்சு" என்று பஃபரை மாற்றி, பையை மாற்றி, மாதக்கணக்கில் அலைவார்கள். சாகவில்லை, முதலிலேயே அவ்வளவு இல்லை.

செய்முறை ஒன்றும் பெரிதல்ல. இரண்டு குழாயிலும் 1 சதவீத பெக்டின் (பி.எச். 5) 0.5 மி.லி. ஒன்றில் நீர்த்த நொதி 0.5 மி.லி. சேர்த்து 40 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, டி.என்.எஸ். ஊற்றுங்கள். மற்றதையும் அதே நேரம் வைத்து, டி.என்.எஸ். ஊற்றி, அதன் பிறகு நொதி சேருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொதிக்கவைத்துக் கழியுங்கள். ஒப்பிடும் ஸ்டாண்டர்டு, பெக்டின் உடைந்தால் வரும் காலக்டுரோனிக் அமிலம், குளுக்கோஸ் அல்ல.

அம்மோனியம் சல்பேட்டை மொத்தமாகக் கொட்டுவது

சாற்றிலிருந்து நொதியை வீழ்படிய வைக்க இந்த உப்பு. 80 சதவீதச் செறிவூட்டலுக்கு லிட்டருக்கு 0 டிகிரியில் 516 கிராம், 25 டிகிரியில் 561. ஐஸில் வைத்துக்கொண்டு அறைவெப்ப அட்டவணையைப் பார்க்காதீர்கள். சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரைக்காமல் கலக்குங்கள். பிறகு உப்பை நீக்கும் டயாலிசிஸ் பையை முட்ட நிரப்பினால் நீர் ஏறி வெடிக்கும். உப்பு போய்விட்டதா என்று பேரியம் குளோரைடில் பார்ப்பவர்கள் பாஸ்பேட் பஃபர் வைத்திருந்தால், உப்பு போன பிறகும் வெண்மை வரும்.

கலங்கலெல்லாம் பெக்டின் என்று நினைப்பது

ஆப்பிள் சாற்றை 50 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தும் தெளியவில்லையா? இன்னும் நொதி ஊற்றுவதற்கு முன், ஒரு பங்கு சாற்றில் அமிலம் சேர்த்த எத்தனால் இரண்டு பங்கு கலந்து 15 நிமிடம் பாருங்கள். திரி திரியாகத் திரண்டால் பெக்டின் மிச்சம். திரளவில்லையென்றால், ஆறிய சாற்றில் அயோடின் ஒரு சொட்டு. நீலமானால் ஸ்டார்ச், காய்வெட்டான ஆப்பிளில் நிறைய இருக்கும். அடுத்த தடவை முதலிலேயே சாற்றை 80 டிகிரிக்குச் சூடாக்கி, 50க்கு ஆறவைத்து, ஸ்டார்ச்சை உடைக்கும், அமிலம் தாங்கும் அமைலேஸையும் சேர்த்துப் போடுங்கள்.

குடித்துப் பார்ப்பது

இந்த நொதி போட்ட சாற்றைக் குடிக்காதீர்கள். அழுகிய வெங்காயத்தில் பிடித்த கறுப்புப் பூஞ்சையில் எடுத்தது என்றால் கூடவே கூடாது. சில வகைகள் ஓக்ராடாக்சின் ஏ என்ற நச்சைச் சுரக்கும்.