பழைய ஜப்பான் கூல்டிரிங்க்ஸ் விளம்பர பாட்ட கண்டுபிடிக்கிறது எப்படி

ஜப்பான் டிவி விளம்பரம் பெரும்பாலும் 15 இல்ல 30 செகண்ட்தான், பாட்டுல ஒரு துண்டுதான் காதுல விழும். முதல்ல ஸ்க்ரீன் ஓரத்த பாருங்க, பாட்டு பேரும் பாடுனவங்க பேரும் பொடி எழுத்துல அடிக்கடி போடுவாங்க. இல்லன்னா யூடியூப்ல டிரிங்க் பேர ஜப்பான் எழுத்துலயே காப்பி பண்ணி போட்டு வருஷமும் சேத்து தேடுங்க, இங்கிலீஷ்ல தேடுனா கொஞ்சம்தான் வரும்.

ஆரம்பிக்க பொக்காரி ஸ்வெட்ங்கிற ஸ்போர்ட்ஸ் டிரிங்க் விளம்பரந்தான் பெஸ்ட், 1993ல ஸார்ட்ங்கிற பாப் குழுவோட யுரேரு ஒமோய் பாட்டு, அடுத்த வருஷம் டீன்ங்கிற பேண்டோட ஹிதோமி சொரசனைதே, அதுக்கும் வரிகள் ஸார்ட் பாடகி இசுமி சகாய்தான் (எனக்கு முதல் பாட்டுதான் ஒரு படி மேல). இன்னும் பழசு வேணும்னா மிட்சுயா சைடர்ங்கிற சோடாவுக்கு பாடகர் எய்ச்சி ஓட்டாகி போட்டது, விளம்பரத்துக்குன்னே செஞ்ச குட்டி குட்டி பாட்டு, நயாகரா சிஎம் ஸ்பெஷல் (சிஎம்னா ஜப்பான்ல டிவி விளம்பரம்) ஆல்பத்துல தேடுங்க.