வாக்கியக் கணக்கில் திணறும் பிள்ளைக்கு எப்படி உதவுவது

கூட்டல், பெருக்கலெல்லாம் சரியாகப் போடுகிற பிள்ளை, அதே கணக்கை நாலு வரியில் கொடுத்தால் மட்டும் முழிக்கிறதா? உடனே வாய்ப்பாடு ஒப்பிக்க உட்கார வைக்காதீர்கள். எங்கே மாட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற கல்வி ஆய்வாளர் 1977-இல் சொன்ன முறை ரொம்பவே உதவும். தப்பாகப் போட்ட ஒரு கணக்கை எடுத்து வரிசையாகக் கேளுங்கள்: வாசித்துக் காட்டு, என்ன கேட்டிருக்கிறார்கள், எப்படிப் போடப்போகிறாய், சரி போட்டுக் காட்டு, இப்போது விடையை எழுது. எதில் முதலில் தடுமாறுகிறதோ அங்கேதான் உங்கள் வேலை. வாசிக்கவே திணறினால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், கணக்கு தானாக வந்தாலும் வரும்.

நிறையப் பிள்ளைகள் மாட்டுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். "வள்ளியிடம் 12 மாவுருண்டை இருக்கிறது, அது மீனாவிடம் இருப்பதைவிட 5 அதிகம், மீனாவிடம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள், 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 17 என்பார்கள். 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று பழக்குவதால் வருகிற வினை இது, தயவுசெய்து அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எண்களை விட்டுவிட்டு, யாரிடம் கூட இருக்கிறது, யாரிடம் குறைவு என்று மட்டும் அப்பத்தாவிடம் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் வள்ளிக்கு ஒரு நீளப் பட்டை, மீனாவுக்கு அதன்கீழ் ஒரு குட்டைப் பட்டை வரையட்டும். எது பெரியது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் 7 தானாக வரும்.

பரப்பளவுக்குப் புத்தகத்தைத் தேட வேண்டாம், நம் வீட்டுத் தரையே போதும். 20 அடி நீளம், 10 அடி அகலமுள்ள முகப்புக்கு 10 அங்குல ஆத்தங்குடி டைல்ஸ் எத்தனை வேண்டும்? 20-ஐயும் 10-ஐயும் பெருக்கி, 200-ஐ 10-ஆல் வகுத்து 20 என்று எழுதுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள், அடியும் அங்குலமும் அதன் மனதில் இன்னும் பிரியவில்லை, அவ்வளவுதான். டேப்பைக் கையில் கொடுத்து ஒரே ஒரு வரிசையை மட்டும் கணக்கிடச் சொல்லுங்கள். 20 அடி என்பது 240 அங்குலம், அதனால் வரிசைக்கு 24 கல். அப்படி 12 வரிசை. மொத்தம் 288. 'நீ சொன்ன 20 கல் முதல் வரிசைக்காவது போதுமா?' என்று கேட்டால் தப்பு எங்கே என்று அதுவே பிடித்துவிடும். விடையைச் சரிபார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

அவசரப்படுத்தாதீர்கள். ஒருநாளைக்கு ஒரு கணக்கு பொறுமையாகப் போட்டால் போதும், முதல் கணக்கை நீங்கள் முழுதும் போட்டுக் காட்டுங்கள், அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் அதனிடம் விடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுங்கள். இதையெல்லாம் பல மாதம் செய்தும், இரண்டு சிறிய எண்களில் எது பெரியது என்பதிலேயே குழப்பம் நீடித்தால் பிள்ளையைக் குறைசொல்லாமல் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.