ஓடைக்கு அப்பால் வீடு வாங்குகிறீர்களா?

அமெரிக்காவில் மேற்கு வட கரோலினா மலைப்பக்கம் பழைய வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடை, அதன்மேல் சொந்தப் பாலம் என்றால், சமையலறையைப் பார்ப்பதற்கு முன் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பாருங்கள்.

வழக்கமாக வரும் வீட்டுப் பரிசோதகர் கூரை, குழாய், மின்சாரம் எல்லாம் பார்ப்பார். பாலம் பொதுவாக அவர் கணக்கில் வராது. தனியாக ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேலே புதுப் பலகை அடித்திருப்பார்கள், அதில் மயங்க வேண்டாம். கீழே இரும்பு உத்திரம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிகிறதா? இரு கரையிலும் பாலத்தைத் தாங்கும் சுவரின் அடிமண்ணைத் தண்ணீர் அரித்துப் பொந்தாக்கியிருக்கிறதா? கையில் ஒரு கம்பி இருந்தால் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் எடை. கார் போகும், சரி. தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டி 18 டன்னைத் தாண்டலாம். பாலம் தாங்குமா என்று சந்தேகம் வந்தால் வண்டி பாலத்தில் ஏறாமல் சாலைப் பக்கமே நின்றுவிடும். செப்டிக் டேங்க் லாரிக்கும் இதே கதைதான். உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அரசின் வெள்ளக் காப்பீடு வீட்டுக்குத்தான், பாலத்துக்குக் கிடையாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட தனியார் பாலங்களை ஏராளமாக அடித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே பாலத்தில்தான் போகிறார் என்றால், பராமரிப்புச் செலவில் யாருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே வக்கீலிடம் கேளுங்கள்.