சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயர் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணிலிருந்து பழைய எல்.பி. எனும் வினைல் இசைத்தட்டுகளை இறக்கிய வீட்டிற்கும், புதிதாக அச்சாகி வரும் தட்டுகளை வாங்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களிடமும் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் கைப்பிடி வைத்த சூட்கேஸ் வடிவ ரெக்கார்டு பிளேயர்தான். விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது, ஒலிபெருக்கியும் உள்ளேயே இருக்கிறது, மேசைமேல் வைத்தால் பார்க்கவும் அழகு. அதை வாங்குவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியின் நிறத்தையும் மேலுறையையும் நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள்கூட, மூடியைத் திறந்து ஊசி தட்டைத் தொடும் இடத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ்). ஊசி அசையும்போது உள்ளே இருக்கும் செராமிக் துண்டு அழுந்தி மின்சாரத்தை உண்டாக்குகிறது; அந்த மின்னழுத்தம் ஓரளவு வலுவாகவே வருவதால் தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்னொலியைப் பெருக்கும் சுற்று) வைக்க வேண்டியதில்லை, தயாரிப்பாளருக்குச் செலவும் மிச்சம். அதற்கு விலையாக, ஊசி தட்டின்மேல் 5 முதல் 6 கிராம் வரை எடையுடன் அழுந்துகிறது. காந்தத்தால் இயங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்களில் அந்த எடை பொதுவாக 1.5 முதல் 3.5 கிராம்தான். தலைமுடியைவிட மெல்லிய நுனி ஒன்றின்மேல் இந்த எடை இறங்குகிறது என்பதை நினைத்தால், இரண்டு மூன்று கிராம் வேறுபாடு சிறியதன்று என்பது விளங்கும். ஆகவே விளம்பரத்தில் கார்ட்ரிட்ஜின் வகையும் ஊசியின் எடையும் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்பதை முதலில் தேடுங்கள். எடையைச் சொல்லாத விளம்பரம் பெரும்பாலும் செராமிக் கருவியுடையதாகவே இருக்கும்.

வாங்கிய கருவியை வீட்டிலேயே சோதிக்கலாம். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு, தராசின் மேற்பரப்பு தட்டு இருக்கும் உயரத்திற்கே வரும்படி அமைத்து, அதன்மேல் ஊசியை மெதுவாக இறக்கிப் பாருங்கள். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை ஈர்த்து எண்ணைத் தவறாகக் காட்டும் என்பதால், நடுவில் தடித்த அட்டை ஒன்றை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிக்கொள்வது நல்லது.

கனமான ஊசி ஒரே முறை ஓடியதும் தட்டு பாழாகிவிடும் என்று பயமுறுத்துவோரும் இருக்கிறார்கள், அது மிகை. உண்மையில் அதைவிடக் கொடியது தேய்ந்த ஊசி. நீலக்கல் நுனி சில பத்து மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும்; வைர நுனி 500 மணி நேரத்திற்கு மேல் உழைக்கும். பெட்டியோடு வந்த ஊசி எந்த வகை என்று கேட்காமலும், மாற்று ஊசி எளிதில் கிடைக்கிறதா என்று பார்க்காமலும் வாங்குவது, பணம் கொடுத்துத் தொல்லையை வாங்குவதற்குச் சமம். பலர் கைகளில் உரசிப் புள்ளி புள்ளியாய்க் கீறல் விழுந்த பழைய இ.பி. தட்டை (சில பாட்டுகள் மட்டுமே கொண்ட சிறிய தட்டு) செராமிக் ஊசியில் கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புதிய பதிப்பை அதில் நாள்தோறும் ஓட்ட மனம் வராது. ஊசி தாவுகிறது என்று டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கையின்) தலையில் நாணயத்தை ஒட்டும் பழக்கத்தை மட்டும் எந்தத் தட்டிலும் செய்யாதீர்கள். பெரும்பாலும் மேசை சமமாக இல்லாததோ, தட்டில் இசை பதிந்த பள்ளத்தில் தூசி சேர்ந்திருப்பதோதான் தாவலுக்குக் காரணம்.

அடுத்தது, '33, 45, 78 என மூன்று வேகம்' (நிமிடத்திற்கு இத்தனை சுற்று) என்ற வாசகத்தைப் பார்த்து, தாத்தா காலத்து அரக்குத் தட்டும் ஓடும் என்று நம்புவது. சுழலும் வேகம் சரியாக இருக்கலாம். ஊசி சரியாக இருக்காது. 1948-இல் வந்த எல்.பி.யின் நுண்பள்ளத்திற்கு நுனியின் ஆரம் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் போதும். 78 வேகத் தட்டின் அகன்ற பள்ளத்திற்கு 75 மைக்ரான் அளவில் வேண்டும். சிறிய ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் கிடந்து, பாட்டைவிட இரைச்சலையே அதிகம் எடுத்துத் தரும், தானும் தேயும். வீட்டில் 78 தட்டுகள் நிறைய இருந்தால், அவற்றுக்கென்றே தனி ஊசி கிடைக்கும் கருவியைத்தான் தேட வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: பித்தளைக் குழாய் வைத்த சாவி கிராமபோனில் எல்.பி. தட்டை ஓட்டிப் பார்ப்பது. அதன் தலையின் எடை நூறு கிராமுக்கு மேல். எஃகு ஊசி வினைலை உழுதுவிடும்.

புளூடூத் என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. என் நண்பர் ஒருவர், இரவில் வீட்டாரின் தூக்கம் கெடாமல் ஹெட்ஃபோனில் கேட்கலாம் என்று புளூடூத் உள்ள பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஒரு மணி நேரம் போராடிய பிறகுதான், அந்த புளூடூத் கைபேசியிலிருந்து பாட்டைப் பெற்றுப் பெட்டியின் ஒலிபெருக்கியில் ஒலிக்க மட்டுமே உதவும், தட்டின் இசையை வெளியே அனுப்பாது என்பது தெரிந்தது. யு.எஸ்.பி. துளைக்கும் இதே கேள்வி பொருந்தும்: அது பென் டிரைவை வாசிப்பதற்கா, தட்டைப் பதிவு செய்வதற்கா? இவற்றைவிட நான் முதலில் தேடுவது பின்புறத்து லைன் அவுட் துளைகளை, அதாவது ஒலியைக் கம்பி வழியே வெளிக் கருவிக்கு அனுப்பும் துளைகளை. பெட்டிக்குள்ளேயே அதிரும் சிறிய ஒலிபெருக்கி தன் அதிர்வை ஊசிக்கே திருப்பிக் கொடுப்பதால் ஒலி கலங்குகிறது. லைன் அவுட் இருந்தால் வெளி ஒலிபெருக்கிக்கு மாறிக்கொள்ள வழியுண்டு.

எடுத்துச் செல்லும் தேவை உண்மையில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடத்து மேசையை விட்டு நகராத கருவிக்குக் கைப்பிடி எதற்கு? ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் போன்ற சாதாரண டர்ன்டேபிளில் (ஒலிபெருக்கி இல்லாத ரெக்கார்டு பிளேயர்) மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜும் ப்ரீஆம்பும் சேர்ந்தே வருகின்றன. ஒலிபெருக்கியை மட்டும் தனியாக வாங்க வேண்டும். பயணத்திற்கே வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் சவுண்ட் பர்கர் என்ற சிறு பிளேயர் பேட்டரியில் ஓடி, தட்டின் இசையை புளூடூத்தில் வெளியே அனுப்பும். ஆனால் விலை கூடுதல்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் பழைய பிளேயர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்பவர்கள் மின்னழுத்தத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுகிறார்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டார் வைத்த பழைய கருவி இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ ஏறக்குறைய 28 ஆகிவிடும், பாடகி பாடகராகிவிடுவார். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உள்ளூரில் கிடைக்கும் பழைய பிளேயர்களிலும் கவனம் வேண்டும். கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜின் உள்ளே செராமிக்கின் வேலையைச் செய்யும் ரோஷெல் உப்புப் படிகம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போவது, எனவே கடற்கரை ஊர்களில் சும்மா கிடந்தே செத்துப்போன கார்ட்ரிட்ஜ்கள் பல. பழைய பெட்டியின் விலையோடு கார்ட்ரிட்ஜ், தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்கு பழக்கமான எல்.பி. ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அதன் லேபிளின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, தட்டு ஓடும்போதே கைபேசியில் நேரம் வைத்து எண்ணினால், சரியான வேகத்தில் 3 நிமிடத்தில் 100 சுற்று வர வேண்டும். 103, 104 என்று வந்தால் சுருதி ஏறியிருப்பது காதுக்கே தெரியும். வேகத்தைத் திருத்தும் திருகு இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பிறகு பக்கத்தின் கடைசிப் பாட்டை முழுவதும் ஓடவிடுங்கள். மலிவான பிளேயர்களில் உள்ள தானியங்கி நிறுத்தி, லேபிள்வரை நெருங்கிப் பதிந்த தட்டுகளில் பாட்டு முடியுமுன்பே மோட்டாரை நிறுத்திவிடுவதுண்டு.